எடி கெரேரோ டிவிடி: யார் யார் பார்த்தீங்க? அனுபவத்தைச் சொல்லுங்க

ரிங்சைடு:
அமெரிக்க ரெசிலிங் கம்பெனி டபிள்யூ.டபிள்யூ.இ., அவங்க வீரர் எடியோட வாழ்க்கையைப் பத்தி 2004-ல விட்ட டாகுமெண்டரி 'சீட்டிங் டெத், ஸ்டீலிங் லைஃப்: தி எடி கெரேரோ ஸ்டோரி' பார்த்தவங்க எழுதுங்க. ஆளை நேர்ல பார்த்தவங்க இருந்தா இன்னும் சந்தோஷம்.

ரெசிலிங் டிவிடின்னா வழக்கமா நாலு பழைய மேட்ச், நடுவுல "அவரை மாதிரி வருமா"ன்னு கூட ஆடினவங்க பேட்டி. இது வேற ரகம். எடிக்குச் சொந்த ஊர் டெக்சாஸ்ல எல் பாசோ. அப்பா கோரி கெரேரோ மெக்சிகோ லூச்சாவுல (அந்த ஊர் மல்யுத்தம்) பெரிய கை. அண்ணன்கள் சாவோ, மாண்டோ, ஹெக்டர் எல்லாருமே ரிங்ல இறங்கினவங்க. கடைக்குட்டி எடி. மெக்சிகோவுல இவருக்கு ஜோடியா ஆடின ஆர்ட் பார் 1994 நவம்பர்ல செத்துப் போறார். அவரோட ஃப்ராக் ஸ்பிளாஷை (கயித்து மேல இருந்து எதிராளி மேல தாவி விழுறது)த்தான் எடி அவர் நினைவா கடைசி வரைக்கும் அடிச்சார். 1999 புத்தாண்டு அன்னிக்குப் பெரிய கார் விபத்து. வலி மாத்திரை, குடி. 2001 நவம்பர்ல குடிச்சுட்டு வண்டி ஓட்டினதுக்குக் கைது, உடனே வேலையும் போச்சு. (வேலையை விட்டுத் தூக்கின கம்பெனியே அந்தக் கதையை டிஸ்க் போட்டு வித்ததும் ஒரு சாமர்த்தியம்தான்.) 2002-ல திரும்ப எடுத்துக்கிட்டாங்க. 2004 பிப்ரவரி 15, நோ வே அவுட்ங்கிற ஷோவுல பிராக் லெஸ்னரைச் சாய்ச்சு சாம்பியன்.

ஜெயிச்சவன் கதையாத்தான் இதை எடுத்தாங்க. நான் பார்த்தது 2005 நவம்பர் 13-க்கு அப்புறம். அன்னிக்கு மினியாபோலிஸ்ல ஓட்டல் ரூம்ல, 38 வயசுல, எடிக்கு இதயம் நின்னு போயிருந்தது. குடியை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. திருந்தினதைப் பத்தி அந்த மனுஷன் பேசப் பேச, "உடம்பு பழைய கணக்கை மறக்கலையேப்பா"ன்னு டிவியைப் பார்த்துச் சொல்லத் தோணுச்சு.

டெக்சாஸ் தமிழன்:
நான் நேர்லயே பார்த்திருக்கேன். டிவியில வராத ஹவுஸ் ஷோ, மேல் வரிசை சீட்டு. அந்த நாற்காலி வித்தையை அரங்கத்துல பார்க்கணும் தல. ரெஃப்ரி அந்தப் பக்கம் திரும்பியிருக்கார். எடி நாற்காலியைத் தரையில 'டமால்'னு ஒரு அடி, அப்படியே எதிராளி கையில தூக்கிப் போட்டுட்டு நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டார். ரெஃப்ரி திரும்பினா நாற்காலியோட நிக்கிறவன் எதிராளி. மொத்தக் கூட்டமும் குற்றவாளிக்கு உடந்தை! நடுவுல ஒத்தைக் கண்ணைத் திறந்து, ரெஃப்ரி நம்பிட்டாரான்னு பார்த்தார் பாருங்க, பக்கத்துல இருந்த மெக்சிகன் பாட்டி சிரிச்சு சிரிச்சுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

டபிள்யூ.டபிள்யூ.இ.யோட பெரிய வருஷாந்திர ஷோ ரெசில்மேனியா 20-ல கர்ட் ஆங்கிளை ஏமாத்தினதும் இதே ஸ்கூல்தான். காலைப் பிடிச்சுத் திருகுறதுதான் ஆங்கிளோட ஆயுதம். எடி சத்தமில்லாம பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தி வெச்சுக்கிட்டார். ஆங்கிள் இழுத்தார், பூட்ஸ் மட்டும் கையோட வந்துச்சு. அவர் முழிக்கிற கேப்புல சுருட்டிப் பின் பண்ணிட்டார் (தோளைத் தரையில அமுக்கி ஜெயிக்கிறது).

ஸ்மாக்டவுன் சனிக்கிழமை:
நான் கொஞ்சம் சின்னவ. எடி ஆடினப்ப எனக்கு ரெசிலிங்னா என்னன்னே தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எடியோட மனைவி விக்கி கெரேரோதான். எட்ஜ்ங்கிற ரெசிலர் கூட வில்லியா வந்து "எக்ஸ்கியூஸ் மீ!"ன்னு கத்துவாங்களே, அவங்க. டென் ஸ்போர்ட்ஸ்ல அவங்க முகம் வந்தாலே நானும் தம்பியும் மியூட் போட்டுடுவோம். காலேஜ் வந்த பிறகு ஒரு சீனியர் கொடுத்துத்தான் இந்த டிவிடியைப் பார்த்தேன். அதே விக்கி, மேக்கப் இல்லாம, கத்தாம உட்கார்ந்து, புருஷன் குடிச்ச நாட்களையும் பிரிஞ்சு இருந்ததையும் சொல்றாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எடி போனப்புறம் பொண்ணுங்களை வெச்சுக்கிட்டு அந்தம்மா ஊர் முழுக்கத் திட்டு வாங்கிற வேலையைப் பார்த்திருக்காங்க, அதையும் அவ்வளவு நல்லா.

லூச்சா வெறியன்:
எல்லாரும் அழுதாச்சா? எனக்கு அந்த டாகுமெண்டரியில கண்ணீர் ஜாஸ்தி, மல்யுத்தம் கம்மி. எடி யாருன்னு தெரியணும்னா 1997 ஹாலோவீன் ஹாவக் ஷோவுல ரே மிஸ்டீரியோ ஜூனியர் கூட ஆடினதைப் பாருங்க. எடி பக்கம் டைட்டில், ரே பக்கம் முகமூடி, ரெண்டும் பந்தயத்துல. ரே கயித்துல ஏறிப் பின்பக்கமா குட்டிக்கரணம் போட்டு, அந்தரத்துலயே டிடிடி-யா (எதிராளி தலையைப் பிடிச்சுத் தரையில இறக்குற அடி) மாத்துவான். அது ரேயோட சாகசம்னு எல்லாரும் சொல்றோம். சரியான இடத்துல, சரியான நொடியில அவனை வாங்கிக்கிட்டது யாரு? எடிதானே. அன்னிக்கு ஜெயிச்சது ரே.

ரிங்சைடு:
@லூச்சா வெறியன், மேட்ச் விஷயத்துல உங்க கட்சிதான் நான். ஆனா டாகுமெண்டரி வேணாம்னு சொல்ல மாட்டேன். என்னால திரும்பப் பார்க்க முடியாதது ரெசில்மேனியா 20-ஓட கடைசிக் காட்சிதான். எடியும் அவரோட நண்பர் கிறிஸ் பென்வாவும் சாம்பியன் பெல்ட்டோட கட்டிப்பிடிச்சு நிப்பாங்க, மேல இருந்து காகிதத் துண்டு கொட்டும். 2007 ஜூன்ல பென்வா பொண்டாட்டியையும் பையனையும் கொன்னுட்டுத் தானும் செத்த பிறகு, அந்தக் காட்சி எடிக்குச் சொந்தமான ராத்திரியையும் சேர்த்துக் கெடுத்துடுச்சு.

புது மெம்பர்:
அண்ணே, அமெரிக்காவுல இருக்கிற மாமாகிட்ட இந்த டிவிடி சொல்லி விடலாம்னு இருக்கேன். நம்ம வீட்டு பிளேயர்ல ஓடுமா?

டெக்சாஸ் தமிழன்:
அது ரீஜன் 1 (எந்தப் பகுதி பிளேயர்ல ஓடும்னு டிஸ்க்ல போடுற எண்), நம்ம ஊர் ரீஜன் 5. சாதா பிளேயர் கக்கிடும் தம்பி. கம்ப்யூட்டர் டிரைவ்ல ரீஜன் மாத்தலாம், ஆனா பொதுவா அஞ்சு தடவைக்கு மேல விடாது. விஎல்சி சாஃப்ட்வேர்ல போட்டுப் பாருங்க, பெரும்பாலும் ஓடிடும்.