பழைய கேப்டிவா ஏழு சீட்டர் குடும்பத்துக்கு ஒத்துவருமா? வைத்திருந்தவர்கள் சொல்லுங்கள்

டோங்காட்_வாத்தியார்

வணக்கம். வீட்டில் ஏழு பேர். நான், மனைவி, மூன்று பிள்ளைகள், அம்மா, மாமியார். இருப்பதோ சின்ன ஹேட்ச்பேக். கல்யாணம், கோயில் என்று கிளம்பினால் இரண்டு நடை அடிக்க வேண்டும், இல்லையென்றால் மச்சானிடம் காம்பி வேன் கேட்டு நிற்க வேண்டும். அவன் முகம் கோணாமல்தான் தருவான், எனக்குத்தான் கூச்சம். ஃபார்ச்சூனர் பார்த்தேன், என் கையில் இருக்கும் பணத்துக்கு வருவதெல்லாம் ஓடிக் களைத்த வண்டிகள். அதைவிடக் குறைந்த பணத்துக்கு 2013 ஷெவர்லே கேப்டிவா 2.4 எல்டி ஆட்டோமேட்டிக் ஒன்று டர்பன் பக்கம் பைன்டவுனில் நிற்கிறது, பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது. கம்பெனியே தென்னாப்பிரிக்காவை விட்டுப் போய்விட்டதே, நாளைக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் எங்கே போவீர்கள் என்று மனைவி கேட்கிறார். நியாயமான கேள்வி. வைத்திருந்தவர்கள் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த்_கடைக்காரர்

வாத்தியாரே, என்னிடம் இருப்பதும் இதே 2.4 தான், இன்றைக்கும் கடைக்குச் சரக்கு எடுக்க அதில்தான் போகிறேன். முதலில் ஒன்று: கேப்டிவா என்ற பெயரில் இரண்டு வண்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2006-ல் வந்தது ஒன்று. 2011-ல் முகத்தையும் இன்ஜினையும் மாற்றிக்கொண்டு வந்தது இன்னொன்று. பழைய 2.4-க்கு 100 கிலோவாட், டைமிங் பெல்ட். புதிய 2.4-க்கு 123 கிலோவாட், செயின், ஆறு கியர். பெல்ட் வண்டியாக இருந்தால், மாற்றியதற்கு ரசீது காட்டாதவரை மாற்றவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது 2011 மாடல். நீங்கள் பார்ப்பது 2013, அந்த வகையில் சரி.

சாமான் விஷயம். ஷெவர்லேயின் தாய்க் கம்பெனி ஜிஎம் 2017 மே மாதம் அறிவித்து, அந்த வருஷக் கடைசியோடு இங்கே ஷெவர்லே விற்பதை நிறுத்தியது. போர்ட் எலிசபெத் ஆலை இசுசு கைக்குப் போனது, ஷெவர்லே சர்வீஸ் பொறுப்பும் இசுசு டீலர்கள் பக்கம் வந்தது. ஆகவே அம்போ என்று விட்டுவிடவில்லை. ஃபில்டர், பிரேக் பேடு, பேரிங், புஷ் இதெல்லாம் சாதாரண பார்ட்ஸ் கடையிலேயே கிடைக்கிறது, விலையும் மற்ற வண்டிகளைப் போலத்தான். இழுத்தடிப்பது எல்லாம் உடம்புச் சாமான். என் பையன் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டில் இடித்துப் பின் விளக்கை உடைத்துவிட்டான், அந்த ஒரு விளக்குக்காக ஸ்கிராப்யார்டு ஸ்கிராப்யார்டாக அலைந்தேன். அப்போது தெரிந்த ஒரு வழி: ஆஸ்திரேலியாவில் இதே வண்டியை ஹோல்டன் கேப்டிவா என்று விற்றார்கள், எல்லாமே கொரியாவில் செய்ததுதான், அங்கேயும் ஸ்டீயரிங் வலது பக்கம். பார்ட் நம்பரோடு ஹோல்டன் பெயரிலும் தேடினால் இணையத்தில் அகப்படுகிறது. வந்து சேரத்தான் நாளாகும்.

பெட்ரோல் குடிக்கும். ஊருக்குள் 100 கிலோமீட்டருக்கு 12, 13 லிட்டர், பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஸ்கூல் ஓட்டம் என்றால் இன்னும் கூடவே. 1.8 டன் வண்டி, வேறென்ன செய்யும். மாதத்தின் முதல் புதன்கிழமை விலை மாறும்போதெல்லாம் என் வீட்டில் ஒரு சின்னச் சண்டை நிச்சயம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது மலிவாகக் கிடைப்பதே பெயர் போய்விட்டதால்தான், விற்கப் போகும்போதும் அதே கதைதான். மிச்சமான பணத்தில் சோபா வாங்கிவிடாதீர்கள். அது வண்டியின் பணம், வங்கியில் தனியாகக் கிடக்கட்டும். முதல் வருஷத்திலேயே நாலு டயர், ஷாக், கியர்பாக்ஸ் எண்ணெய் என்று கேட்கும்.

இசிபிங்கோ_தம்பி

3.2 வி6 மட்டும் வேண்டாம் அண்ணா, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஹோல்டனின் அலாய்டெக் இன்ஜின் அது, டைமிங் செயின் நீண்டுபோவது அந்தக் குடும்பத்துக்கே ஊரறிந்த வியாதி. எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டி என்றால் சீக்கிரமே வரும். உள்ளே மூன்று செயின், கூலியைக் கேட்டால் தலை சுற்றும்.

ஃபீனிக்ஸ்_ஸ்பானர்

தொழில்காரன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேப்டிவா என் கொட்டகைக்கு நிறைய வந்திருக்கிறது. ஒழுங்காக எண்ணெய் மாற்றி வைத்திருந்த வண்டி வருவது பிரேக் பேடுக்குத்தான். அழுதுகொண்டு வருவதெல்லாம் கடைசி ஓனர் ஒரு சென்ட் செலவழிக்காமல் தள்ளிவிட்ட வண்டி. வண்டியை விட்டுத்தள்ளுங்கள், வைத்திருந்தவன் யார் என்று பாருங்கள் வாத்தியாரே.

போவதற்கு முதல் நாளே போன் போட்டு, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், இல்லை சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள், இரண்டுமே நல்லதில்லை. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள், நீலப் புகை வருகிறதா என்று பார்க்க. டிப்ஸ்டிக்கை இழுத்து எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள், கூலன்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டும், துருநிறத் தண்ணீர் இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

பைன்டவுனில்தானே நிற்கிறது, நல்லதாகப் போயிற்று. எம்13-ல் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றுங்கள், ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு. கியர் மாறும்போது உதறுகிறதா, இன்ஜின் இரைந்தும் வண்டி இழுக்காமல் நிற்கிறதா, வெப்ப முள் அசைகிறதா. மேலே போனதும் ஒரு சரிவில் நிறுத்தி எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கை அழுத்துங்கள், பிடிக்கிறதா, விடும்போது சட்டென்று விடுகிறதா என்று. அப்புறம் நின்றபடியே டி-யிலிருந்து ஆர், ஆரிலிருந்து டி. தொம் என்று ஒரு அடி விழுந்தால் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள், சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நம் ஊருக்கே உள்ள இரண்டு விஷயம். ஒன்று, உப்புக்காற்று. இந்த வண்டியில் ஸ்பேர் வீல் டிக்கிக்குள் கிடையாது, அடியில் கேபிளில் தொங்குகிறது. அதை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். கடலோரமே நின்ற வண்டியில் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கும், இறங்காது. அது இறங்கவில்லை என்றால் குனிந்து பிரேக் குழாய்களையும் பாருங்கள்.

இரண்டாவது, 2022 ஏப்ரல் வெள்ளம். புரோஸ்பெக்டன் ஆலையில் தண்ணீர் புகுந்து 4,000-க்கும் மேற்பட்ட புது வண்டிகளை டொயோட்டா நொறுக்கிப் போட்டது, ஒன்றையும் வெளியே விடவில்லை. தெருவில் நின்று மூழ்கிய வண்டிகளுக்கு அப்படிச் செய்ய ஆளில்லையே. கழுவி, வாசனை அடித்து, திரும்ப ரோட்டுக்கு வந்தவை உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். யாரும் அதுவரை கழுவ மாட்டார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது.

ரோட்வொர்த்தி (ரோட்டில் ஓடத் தகுதிச் சான்றிதழ்) இருக்கிறது என்று காகிதத்தை நீட்டுவார்கள். பெயர் மாற்ற அது வேண்டும், 60 நாள் செல்லும், சரி. பிரேக், விளக்கு, டயர், ஸ்டீயரிங் பற்றித்தான் அது சொல்லும். கியர்பாக்ஸ் நாளைக்கு என்ன ஆகும் என்று அதில் இல்லை. டெக்ரா மாதிரி இடத்தில் தனியாக ஒரு முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள். விற்கிறவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

மிட்ராண்ட்_மதுரைக்காரன்

நான் ஓட்டுவது 2.2 டீசல். 135 கிலோவாட், 400 நியூட்டன் மீட்டர். பெட்ரோல் 2.4-க்கு 230 தான். வித்தியாசம் எங்கே தெரியும் என்றால் மேட்டு நிலத்தில். ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேலே, காற்று லேசு. டர்போ இல்லாத இன்ஜின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சக்தியை இங்கே இழந்துவிடும். டர்பனில் ஓட்டிப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு என்3-ல் வான் ரீனன்ஸ் பாஸ் ஏறும்போது, முன்னால் ஒரு லாரியும் பின்னால் விளக்கு அடிக்கிற ஒரு பக்கியும் (பிக்அப் வண்டி) இருக்கும்போது, நன்றாகவே தெரியும். வருஷத்தில் ஒரு தடவை சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதற்காக டீசல் வாங்காதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கூல், கடை, வீடு என்று குட்டிக் குட்டி ஓட்டமே ஓடினால் ஈஜிஆரில் (புகையைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்பும் வால்வு) கரி அடைக்கும். எங்கே வேண்டுமானாலும் டீசல் போடவும் முடியாது, கந்தகம் 500 பிபிஎம் உள்ள டீசல் பக்கம் போகவே கூடாது, 50 அல்லது 10 தான்.

டர்பன்காரர்கள் துருவுக்குப் பயந்து ஜிபி நம்பர் (ஜோபர்க் பக்கத்துப் பதிவு) வண்டியைத் தேடுவது எனக்குத் தெரியும். துரு இல்லைதான். இங்கே ஆலங்கட்டி மழை இருக்கிறதே. கூரையைச் சாய்ந்த வெயிலில் பக்கவாட்டில் பாருங்கள், அம்மைத் தழும்பு மாதிரி தெரியும்.

டீலரா தனியாளா என்பதும் முக்கியம் சார். டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் உங்களுக்குப் பிடிமானம் உண்டு. தனியாள் ஃபூட்ஸ்டூட்ஸ் (குறையோடு உள்ளபடியே விற்பது) என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் அப்புறம் உங்கள் பாடு. நான் தனியாளிடம்தான் வாங்கினேன், ஆனால் அவர் முதல் நாளிலிருந்து எல்லா ரசீதையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். வைப்பர் வாங்கிய ரசீதுகூட இருந்தது. வண்டியை அப்புறம்தான் பார்த்தேன்.

வெருலம்_அக்கா

எல்லாரும் இன்ஜினையே பேசுகிறீர்கள், உள்ளே உட்காரப் போகிறவர்களைப் பற்றி யாராவது கேட்டீர்களா? நாங்கள் வைத்திருந்தோம், பிறகு விற்றுவிட்டோம்.

மூன்றாவது வரிசை பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு இல்லவே இல்லை. தரை உயரம், சீட் தாழ்வு, முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். என் மாமியாரை ஒரே ஒரு தடவை பின்னால் ஏற்றினேன், மவுண்ட் எட்ஜ்கூம்ப் போய்ச் சேருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது, ஈஸ்டர் திருவிழா முழுக்க அந்தப் பேச்சுதான். தம்பி, உங்கள் வீட்டில் இரண்டு பாட்டிகள். அவர்கள் நடு வரிசையில். அப்படியானால் நடுவில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம், இரண்டு பிள்ளைகள் பின்னால். கடைசிப் பிள்ளைக்குக் கார் சீட் வேண்டுமா? ஐசோஃபிக்ஸ் (கார் சீட்டைப் பூட்டும் கொக்கி) நடு வரிசையில் ஓரத்து சீட்டில்தான் மாட்ட முடியும், மாட்டிவிட்டால் அந்தப் பக்க சீட்டை மடக்கிப் பின்னால் ஏற முடியாது. போகும்போது கார் சீட்டையும் எடுத்துப் போங்கள், விற்கிறவர் முன்னாலேயே மாட்டி, பெரிய பிள்ளைகளை ஏறச் சொல்லிப் பாருங்கள். பின் வரிசையில் ஏசி காற்று எட்டுகிறதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள், பிப்ரவரி வெக்கையில் அதுதான் முக்கியம்.

ஏழு பேரும் ஏறிவிட்டால் சாமான் வைக்க இடமே இல்லை. நாலு மளிகைப் பை, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது பின் கண்ணாடி. கதவைத் தூக்காமல் கண்ணாடியை மட்டும் தனியாகத் திறக்கலாம். கோயில் கூழ்ப் பானையைத் துணி சுற்றி உள்ளே இடுக்கி வைத்துவிட்டு, மேலிருந்து கையை விட்டுச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். இப்போதிருக்கிற வண்டியில் அது இல்லை.

விற்கப் போட்டபோது போனே அடிக்கவில்லை. வந்த வியாபாரிகள் சொன்ன விலையைக் கேட்டால் அழுகைதான் வரும். கடைசியில் தெரிந்தவர் ஒருவர்தான் எடுத்துக்கொண்டார், அவர் வீட்டில் நன்றாகவே ஓடுகிறது.

பழைய_டெல்டா_ஆள்

ஜிஎம் போய்விட்டது என்று பயப்படுகிறவர்களுக்கு: 1986-லும் இப்படித்தான் போகிறேன் என்றார்கள். டெல்டா என்று பெயர் மாறி அதே ஆலையில் ஓப்பல் காடெட்டும் மோன்சாவும் செய்துகொண்டிருந்தோம். அந்த மோன்சாக்கள் இன்னும் சாட்ஸ்வொர்த் தெருவில் உறுமுகின்றன. ஆனால் காடெட் ஊரெல்லாம் நிறைந்த வண்டி, அதனால் சாமானும் நிறைந்தது. கேப்டிவா அவ்வளவு விற்கவில்லை. அந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம்.

டோங்காட்_வாத்தியார்

எல்லாருக்கும் நன்றி. பைன்டவுன் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். பானெட் சூடு. காலையில் கடைக்குப் போனாராம். ஸ்பேர் வீலை இறக்கச் சொன்னேன், கேபிள் நகரவில்லை. பெல்ட்டை இழுத்தேன், நடு வரிசை இடது பக்கம் கடைசி ஒரு சாண் முழுக்கப் பழுப்பு, மற்ற இரண்டு பெல்ட்டும் அப்படியே. அதைக் காட்டியதும் அவர் பிள்ளைகள் கூல்டிரிங்க் கொட்டியிருப்பார்கள் என்றார். மூன்று பெல்ட்டிலும் ஒரே உயரத்திலா என்று கேட்டேன், விலையில் பத்தாயிரம் ராண்ட் குறைப்பதாகச் சொன்னார். நான் ஃபீல்ட்ஸ் ஹில் வரைக்கும் போகவே இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இன்னொன்று இருக்கிறது, அதுவும் 2.4 தான், 2014. ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் வைத்திருக்கிறார். கிலோமீட்டர் பைன்டவுன் வண்டியைவிடக் கூட, விலையும் கொஞ்சம் கூட, ஆனால் சர்வீஸ் புத்தகம் முழுசாக இருக்கிறது, டெக்ராவுக்கு எடுத்துப் போங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். மனைவி வெருலம் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு, அம்மாவையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்கிறார், கார் சீட்டையும் எடுத்து வைத்தாயிற்று. இரண்டு நடை அடிக்க முடியாதே, மச்சான் காம்பிதான்.

ஃபீனிக்ஸ்_ஸ்பானர்

மாரிட்ஸ்பர்க் வண்டி என்றால் துரு குறைவாக இருக்கும், நல்லது. புத்தகத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். வாங்கினால் பெயர் மாற்றத்துக்கு 21 நாள்தான், அந்த அம்மாவிடம் என்சிஓ (உரிமையாளர் மாற்ற அறிவிப்பு) படிவத்தில் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.