ஜார்ஜ் லூகரை எடுத்தது எப்போது?

பொதிகை:
ரயிலடி சார் நேற்று அமெரிக்க எழுத்தாளர் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலைப் பற்றி எழுதியபோது, ஜார்ஜ் தன் கூட்டாளியான, அறிவு வளர்ச்சி குறைந்த லென்னியைச் சுட்டது "கடைசி நொடியில் வேறு வழியில்லாமல் செய்த கருணைக்கொலை" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி நொடி எங்கே இருந்து வந்தது? பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவி லென்னியின் கையால் தொழுவத்தில் செத்துக் கிடப்பதைக் கிழட்டு வேலையாள் கேண்டிதான் ஜார்ஜுக்குக் காட்டுகிறான். ஜார்ஜ் அவனிடம், நான் ஆட்கள் தங்கும் கொட்டகைக்குப் போகிறேன், கொஞ்சம் பொறுத்து நீ வந்து எல்லாரிடமும் சொல், எனக்கு ஒன்றும் தெரியாதது போல நானும் வருகிறேன் என்கிறான். எல்லாரும் ஓடி வரும்போது கடைசி ஆளாக வருகிறான். நீல டெனிம் கோட்டுக்குப் பொத்தான் போட்டிருக்கிறான், தொப்பி கண் வரை இறங்கியிருக்கிறது. அடுத்து இன்னொரு கூலியாள் கார்ல்சன் போய்த் தன் லூகர் துப்பாக்கியைத் தேடினால் காணோம். லென்னி ஒளிந்திருக்கும் ஆற்றங்கரையில் அதே லூகர் ஜார்ஜின் பையிலிருந்து வருகிறது. லென்னியைத் தேடிக் கூட்டம் கிளம்புவதற்கு முன்பே முடிவெடுத்தவன் அவன்.

ரயிலடி:
எடுத்தவன் ஜார்ஜ் என்றே வைத்துக்கொள்வோம். சுடத்தான் எடுத்தான் என்று யார் சொன்னது? கார்ல்சன் கையில் அது இருந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். கர்லி, பார்த்த இடத்தில் வயிற்றில் சுடு என்று சொல்கிற ஆள். ஆற்றங்கரையில் ஒருமுறை துப்பாக்கியைத் தூக்கிவிட்டு ஜார்ஜ் கையைக் கீழே போட்டுவிடுகிறான். தேடி வருகிறவர்களின் சத்தம் நெருங்கிய பிறகுதான் சுடுகிறான். முடிவெடுத்தவன் கை ஏன் இறங்குகிறது? நாற்பது வருடம் பாடம் நடத்தியவன் நான், வரி வரியாகப் படித்திருக்கிறேன்.

பொதிகை:
பாடம் நடத்தியது இருக்கட்டும். கை நடுங்கியதால் திட்டம் இல்லை என்று ஆகிவிடுமா? லூகரை எடுத்தது முன்னாலேயே. அதற்குப் பதில் சொல்லுங்கள். கார்ல்சன் சுடக்கூடாது என்று எடுத்தானாம்! தொழுவத்தில் வேலை செய்யும் கறுப்பர் கிரூக்ஸின் ஷாட்கன் அங்கேதானே இருந்தது? கர்லி உடனே அதை எடுக்கச் சொல்கிறானா இல்லையா?

குறுக்குத்துறை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கருணைக்கொலை என்று எதைச் சொல்கிறோம்? சாகிறவன் கேட்டிருக்க வேண்டுமா, வேண்டாமா? தீராத நோய் இருந்தால்தானா? அதை முடிவு செய்யாமல் இரண்டு பேரும் துப்பாக்கியைப் பிடித்துத் தொங்கினால் எப்படி?

பொதிகை:
துப்பாக்கிதான் விஷயம். ஊருக்கு ஊர் போய் வாற்கோதுமை மூட்டை தூக்குகிற கூலி ஆட்களின் கதை இது. மாதம் 50 டாலர் சம்பளம். ஒருவனுக்கு ஒருவன் துணை என்பதுதான் இவர்கள் இருவருக்கும் இருந்த ஒரே சொத்து. அந்தத் துணையையே ஜார்ஜ் கணக்குப் பார்த்து முடித்தான் என்பதுதான் கதையின் கொடுமை. முன்பு வேலை பார்த்த வீட் ஊரில் இதே மாதிரி சிக்கல் வந்தபோது, ஒரு பெண்ணின் சிவப்புக் கவுனைப் பிடித்துக்கொண்டு லென்னி விடாமல் நின்றபோது, இருவரும் நாள் முழுக்க வாய்க்காலில் ஒளிந்திருந்து தப்பினார்களே. இந்த முறை ஏன் ஓடவில்லை? லென்னி தெற்கே போயிருப்பான் என்று கூட்டத்தைத் திசை திருப்பிவிட்டுத் தனியாகப் போகிறான். அவகாசம் இருந்தது. ஓடியிருக்கலாம்.

நெய்தல்:
இரண்டு பேருக்கும் ஒன்று தெரிகிறதா? தொழுவத்தில் செத்துக் கிடக்கிற பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதை முழுக்க அவளுக்குப் பெயரே கிடையாது. இங்கேயும் "கர்லியின் மனைவி"தான்.

காட்டாறு:
அவளாலதான் எல்லாமே. அவ பாட்டுக்கு இருந்திருந்தா லென்னி பிழைச்சிருப்பான். வலிய வந்து முடியைத் தொட்டுப் பாருன்னு சொன்னது யாரு? ரெண்டு பேரும் நிலம் வாங்கி முயல் வளர்த்துட்டு நிம்மதியா இருந்திருப்பாங்க.

நெய்தல்:
தம்பி, அவளும் அந்தப் பண்ணையில் பேச்சுத் துணைக்கு ஏங்கியவள்தான். ஹாலிவுட்டிலிருந்து வரவேண்டிய கடிதம் வரவில்லை என்பதற்காக, நடன அரங்கில் பார்த்த கர்லியைக் கட்டிக்கொண்டவள். 1937-இல் கதை நாடகமானபோது அந்த வேடம் போட்ட கிளேர் லூஸுக்கு, அவள் எப்படி வளர்ந்தவள் என்று ஸ்டைன்பெக்கே கடிதம் எழுதி விளக்கியிருக்கிறார். நீங்கள் 1992 படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

காட்டாறு:
படம் பார்த்தா குத்தமா? லென்னியா வந்த ஜான் மால்கோவிச் நடிப்பைப் பார்த்துட்டு ராத்திரி தூங்கல நான். அந்தப் பொண்ணு கிரூக்ஸைத் தூக்குல தொங்க விட்டுருவேன்னு மிரட்டினதை மட்டும் ஏன் மறைக்கிறீங்க அக்கா?

நெய்தல்:
மறைக்கவில்லை. மிரட்டியதும் உண்மை, அவள் தனியாகக் கிடந்ததும் உண்மை. ஒன்றைச் சொன்னால் மற்றது இல்லாமல் போய்விடாது.

பொதிகை:
அதைத் தனி இழையில் பேசுங்கள். லூகர் முன்னாலேயே எடுக்கப்பட்டது. இன்னும் பதில் இல்லை.

ரயிலடி:
பதில் இதோ. கார்ல்சன் துப்பாக்கியைத் தேடப் போயிருக்கும்போது ஜார்ஜ், பண்ணையில் எல்லாரும் மதிக்கிற ஸ்லிம்மிடம் கெஞ்சுகிறான்: லென்னியைப் பிடித்துக்கொண்டு வந்து எங்காவது அடைத்து வைக்க முடியாதா என்று. உங்கள் கணக்குப்படி அப்போது லூகர் அவன் கோட்டுக்குள் இருக்கிறது. சுடுவதென்று தீர்மானித்தவன் இதை ஏன் கேட்கிறான்? கட்டிப்போட்டுக் கூண்டில் அடைத்தால் அதுவும் நல்லதில்லை என்று ஸ்லிம் சொன்ன பிறகுதான் அவனுக்கு வழி அடைகிறது. பொதிகை இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

பொதிகை:
தாண்டவில்லை. அது ஸ்லிம்முக்காகப் பேசியது. ஒன்றும் தெரியாதவன் போல வருகிறேன் என்று கேண்டியிடம் சொன்னவன் ஒன்றும் தெரியாதவன் போலத்தானே பேசுவான்? அதற்கு முன்பே, பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இனி மாதம் முழுக்க வேலை செய்து 50 டாலரை வாங்கி விலைமாதர் வீட்டில் ஒரு ராத்திரி கிடப்பேன் என்கிறான். லென்னி இல்லாத வாழ்க்கையை அப்போதே பேசிவிட்டான். நிலத்தின் விலை 600 டாலர், அதில் 350 டாலர் கேண்டி போடுவதாக இருந்தது. நாம் இரண்டு பேரும் வாங்கலாமே என்று கிழவன் கெஞ்சுகிறான். ஜார்ஜுக்கு அதுவும் வேண்டாம். அதன் பிறகுதான் கொட்டகைக்குப் போகிறான். லூகரை எடுக்கிறான்.

ரயிலடி:
நடிப்பு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் எந்தப் புத்தகத்திலும் எதையும் நிரூபிக்கலாம். கேண்டியின் கிழட்டு நாயை மறந்துவிட்டீர்களா? பின்னந்தலையில் சுட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி கார்ல்சன் கொண்டுபோய்ச் சுட்டது இதே லூகரால். என் நாயை நானே சுட்டிருக்க வேண்டும், அந்நியன் கையில் விட்டிருக்கக் கூடாது என்று கேண்டி பிறகு ஜார்ஜிடம் சொல்லி வருந்துகிறான். அந்த வார்த்தைதான் ஜார்ஜின் கையில் துப்பாக்கியாக வந்தது. ஆனால் உங்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. ஸ்டைன்பெக்கின் 'கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலின் கடைசியில் ரோஸ் ஆஃப் ஷேரன் பசியில் சாகக் கிடக்கிறவனுக்குத் தாய்ப்பால் கொடுப்பதை "செயற்கை" என்று எழுதியவர் நீங்கள்.

பொதிகை:
எழுதினேன், இப்போதும் சொல்கிறேன். அதை இங்கே இழுப்பதிலிருந்தே லூகருக்குப் பதில் இல்லை என்று தெரிகிறது. நாயை உதாரணம் காட்டுகிறீர்களே, லென்னி நாயா? 1937-இல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் ஸ்டைன்பெக் என்ன சொன்னார்? லென்னி நிஜமான ஆள், அவனோடு வேலை செய்திருக்கிறேன், கூட்டாளியை வேலையை விட்டு நீக்கிய கோபத்தில் மேஸ்திரியை வைக்கோல் அள்ளும் கவைமுள்ளால் குத்திக் கொன்றவன், இப்போது கலிஃபோர்னியாவில் மனநல விடுதியில் இருக்கிறான் என்றார். நிஜ லென்னியை யாரும் சுடவில்லை. உயிரோடு இருந்தான்.

ரயிலடி:
கூண்டில் இருந்தான். ஸ்லிம் சொன்ன அதே கூண்டு.

குறுக்குத்துறை:
இதே லென்னி நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறான். 2004-இல் டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்றால் யார் அப்படிப்பட்டவர் என்று கேட்டு, லென்னியை எடுத்துக்காட்டாகச் சொன்னது. அந்த மாநிலத்தில் 2012-இல் ஒருவருக்குத் தண்டனை நிறைவேற்றியபோது, அப்பா இதற்காக எழுதவில்லை என்று ஸ்டைன்பெக்கின் மகன் தாமஸ் கண்டித்தார். 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெக்சாஸின் அந்த அளவுகோலைத் தள்ளியது. அதனால்தான் வரையறை கேட்டேன்.

பொதிகை:
டெக்சாஸ் இங்கே எதற்கு? சாலினாஸ் ஆற்றங்கரைக்கு வாருங்கள். லென்னி கையில் துப்பாக்கி இருந்தது, பிடுங்கிச் சுட்டேன் என்று கார்ல்சனிடம் கடைசியில் பொய் சொல்கிறானே ஜார்ஜ், கருணையால் செய்தவனுக்கு அந்தப் பொய் எதற்கு?

நெய்தல்:
உண்மையைச் சொன்னால் அடுத்த சுருக்குக்கயிறு அவன் கழுத்துக்கு. கர்லி பக்கத்தில் நிற்கிறான். இது கூடவா புரியவில்லை?

பொதிகை:
அப்படியானால் ஆதாயத்துக்குப் பொய் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். நல்லது.

நெய்தல்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. என் வாயில் வார்த்தையைத் திணிக்க வேண்டாம்.

காட்டாறு:
ரயிலடி சார், அந்த ரோஸ் ஆஃப் ஷேரன் இழை எங்க இருக்கு? அதுலயும் பொதிகை அண்ணன் இப்படித்தான் ஒத்தைக் கால்ல நின்னாரா?

ரயிலடி:
இதைவிட மோசம். கடைசி அத்தியாயத்தையே படிக்கவில்லை என்று அங்கேயே சொன்னேன்.

பொதிகை:
படித்தேன். தேதியோடு அங்கே எழுதியும் இருக்கிறேன், போய்ப் பாருங்கள். நாளைக்கு ஐந்தாம் அத்தியாயத்தை வரி வரியாக எடுத்துப் போடுகிறேன், ரயிலடி சார் அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.