லல்லா யாரைக் கூப்பிடுகிறாள்?

கேள்வி

ஒரு வருடமாகக் காஷ்மீர சைவம் படித்து வருகிறேன். அந்த மரபின் ஆசிரியர் க்ஷேமராஜர் எழுதிய ப்ரத்யபிஜ்ஞாஹ்ருதயம் என்ற நூலில் இருபதே சூத்திரங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் நாள்கணக்கில் நின்றுவிடுகிறேன். எனக்குப் பிடிபட்டது இது: நான் புதிதாகச் சிவன் ஆக வேண்டியதில்லை. ஏற்கெனவே அவன்தான். மறந்திருக்கிறேன், மறுபடி அடையாளம் காண வேண்டும்.

சரி என்று காஷ்மீரக் கவி லல் தேத், அதாவது லல்லா, பக்கம் வந்தேன். 14ஆம் நூற்றாண்டுக்காரி, பாம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய நாலடி வாக்குகளில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. என் தமிழில் தருகிறேன்:

முறுக்காத நூலால் கடலில் படகை இழுக்கிறேன்.
என் தெய்வத்தின் காதில் விழுமா, கரை சேர்ப்பானா?
சுடாத மண் கிண்ணத்தில் நீர்போல ஊறிப் போகிறேன்.
வீடு போகவேண்டும் என்று உயிர் தவிக்கிறது.

தானே சிவன் என்றால் இந்தக் கூப்பாடு யாரை நோக்கி? எனக்கு இது பசு பதியை, கட்டுண்ட உயிர் இறைவனை, அழைக்கும் குரலாகவே கேட்கிறது. அத்வைதம் பேசும் மரபில் இந்த அழுகைக்கு என்ன இடம்?

பதில் 1

தத்துவத்துக்கு மற்றவர்கள் வரட்டும். நான் டெல்லியில் ஒரு காஷ்மீரப் பண்டிதர் வீட்டு மாடியில் பல வருடம் குடியிருந்தேன். அவர்களுடைய சிவராத்திரிக்கு ஹேரத் என்று பெயர். பூஜைக்கு அக்ரூட்டுகளைக் குடத்து நீரில் ஊறவைப்பார்கள். அந்த வீட்டுப் பாட்டி குடத்தைக் கழுவி வைத்துக்கொண்டே லல்லாவின் வாக்குகளை முணுமுணுப்பார்.

லல்லாவின் மாமியார் கதையை அவர்தான் சொன்னார். தட்டில் ஒரு கல்லை வைத்து அதன்மேல் சோற்றைப் பரப்பிப் போடுவாளாம். பார்ப்பவர்களுக்குக் குவியல், சாப்பிடுபவளுக்கு நாலு வாய். ஒருநாள் வீட்டில் விருந்து என்று தோழிகள் சொன்னபோது லல்லா சொன்னாளாம்: 'பெரிய ஆட்டை அறுத்தால் என்ன, குட்டியை அறுத்தால் என்ன, லல்லாவுக்குக் கல் தப்பாது.' காஷ்மீரத்தில் அது இன்றும் பழமொழி.

சுடாத மண்ணில் நீர் ஊற்றிப் பாருங்கள். நீர் கசிவதோடு நிற்காது, கிண்ணமே குழைந்து உட்காரும். தண்ணீர் சுமந்த பெண் சொன்ன உவமை அது. அவள் அழுவது உண்மையான அழுகை, அதைச் சித்தாந்தத்துக்காகச் சின்னதாக்கிவிடாதீர்கள்.

பதில் 2

முதல் பதிலை முழுக்க ஏற்கிறேன். ஆனால் அந்த அழுகைக்கு மரபுக்குள்ளேயே இடம் இருக்கிறது. உத்பலதேவர், இந்த மரபின் பேராசிரியரான அபிநவகுப்தரின் குருவுக்குக் குரு, தன் ஈஸ்வரப்ரத்யபிஜ்ஞா காரிகை என்ற நூலின் முடிவில் ஒரு பெண்ணைக் கொண்டுவருகிறார். ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டே காதல் கொண்டவள். எத்தனையோ வேண்டுதலுக்குப் பிறகு அவன் எதிரில் வந்து நிற்கிறான். அவளுக்கோ அவன் யாரோ ஒரு ஆள், ஏனென்றால் இவன்தான் அவன் என்று தெரியாது. தெரிந்த கணத்தில்தான் மனம் நிறைகிறது. ப்ரத்யபிஜ்ஞை, மறுபடி அடையாளம் காண்பது, என்பது இதுதான்.

பக்கத்திலேயே நிற்பவனுக்காக ஏங்குவது பொய்யான ஏக்கமா? இத்தனை தர்க்கம் எழுதிய அதே உத்பலதேவர்தான் சிவஸ்தோத்ராவளி என்ற துதிநூலில் உருகி உருகிக் கூப்பிடுகிறார்.

அப்புறம் இந்த வாக்கையும் சேர்த்துப் படியுங்கள். அன்பு மேலிட லல்லா புறப்பட்டேன், தேடித் தேடிப் பகலும் இரவும் போயின, பண்டிதனை (தான் தேடியவனைத்தான் அப்படிச் சொல்கிறாள்) என் வீட்டிலேயே கண்டேன், அதுவே நல்ல நேரம் என்று பற்றிக்கொண்டேன் என்கிறாள்.

பதில் 3

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். லல்லா தன் கையால் எழுதிய ஏடு எதுவும் கிடையாது. 1914இல் மொழியியலாளர் கிரியர்சனுக்காக முகுந்தராம சாஸ்திரி என்ற பண்டிதர் சுவடி தேடிப் போனபோது, குஷ் என்ற ஊரில் தர்மதாச தர்வேஷ் என்ற முதியவர் மனப்பாடமாகச் சொன்னார், இவர் எழுதிக்கொண்டார். 1920இல் வந்த பதிப்புக்கு அதுதான் அடிப்படை. ஆகவே வாக்குகளுக்கு எண் உண்டு, கால வரிசை கிடையாது. அழுதது முதலில், கண்டது பிறகு என்று நாமே கதை கட்டிக்கொள்ள வேண்டாம். முஸ்லிம்களும் பண்டிதர்களும் வாய்வழியாகக் காப்பாற்றிய பாட்டு இது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பதில் 2 படித்ததும் இரண்டு வாக்குகளின் மூலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். 'வீடு போகவேண்டும்' என்று தவிக்கும் வரியிலும் 'என் வீட்டிலேயே கண்டேன்' என்ற வரியிலும் அவள் சொல்வது வீட்டைக் குறிக்கும் அதே 'கர'தான், வேற்றுமை உருபு மட்டும் மாறுகிறது. தமிழில் வீடு என்றால் முக்தியும்தானே. நான் இவ்வளவு நாளும் 'கரை' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டிருந்தேன். நாளை காலை இரண்டையும் சேர்த்து மறுபடி தமிழாக்கப் போகிறேன்.