வேலூரில் உருப்படாத சூப்பர்ஹீரோக்கள்: அன்றாடம் எப்படி எழுதுவது?

கேள்வி: காமிக்ஸ் எழுதுகிறேன். சக்தி இருந்தும் உருப்படாத நான்கு பேர், சத்துவாச்சாரியில் ஒரே வாடகை வீடு. சண்டைக் காட்சி வந்துவிட்டது, அன்றாடம்தான் வரவில்லை. என்ன செய்வார்கள் இவர்கள்?

பதில் 1: தண்ணீரை வரவழைப்பவன் ஒருத்தன் இருக்கட்டும். பாலாறு பெரும்பாலும் வெறும் மணல், அதனால் அவன் வேலை மொட்டைமாடி டேங்க் நிரப்புவதோடு சரி, அதற்கும் மற்றவர்கள் குறை சொல்வார்கள்.

பதில் 2: 1963-ல் வந்த டூம் பேட்ரோல் என்ற அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸைப் பாருங்கள் தலைவா. கார் பந்தய விபத்தில் உடம்பு போய், மூளை மட்டும் இயந்திர உடலில் மாட்டிக்கொண்ட கிளிஃப் என்று ஒருத்தன் அதில் உண்டு. அந்தக் கடுப்புதான் கதையே. உங்கள் கதையிலும் அப்படி ஒரு இரும்பு ஆளை மே மாத வெயிலில் காட்பாடி பிளாட்பாரத்தில் நிறுத்துங்கள், ஒருத்தரும் கிட்டே போக முடியாது.

பதில் 3: பறக்கிறவளுக்கு உயரம் என்றால் பயம். கோட்டை அகழியைத் தாண்டச் சொன்னால் வாசல் பக்கமாகச் சுற்றி நடந்து போவாள். அப்புறம், கரன்ட் பில் யார் கட்டுவது என்று ஒரு அத்தியாயம் கட்டாயம்.