பெயர் கட்டத்துக்கு யூனிகோட் ஃபில்டர்: ஜாயினரை (எழுத்துகளை இணைக்கும், கண்ணுக்குத் தெரியாத குறி) அனுமதிக்கலாமா? உதவி தேவை

வணக்கம். வேலூர் லாட்ஜ்களுக்கான முன்பதிவு ஃபார்ம் இது, பிஎச்பி 8.1, மைஎஸ்க்யூஎல். சிகிச்சைக்காக வங்காளம், ஆந்திராவிலிருந்து வருகிறவர்கள் பெயரை அவரவர் எழுத்திலேயே போட வேண்டும்.

ரெஜெக்ஸில் (எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் விதி) யூனிகோட் 'லெட்டர்' வகையை மட்டும் விட்டு மீதியை நீக்கினால், 'வேலூர்' என்பது 'வலர' ஆகிவிடுகிறது. கொம்பும் புள்ளியும் 'மார்க்' வகை, அதையும் சேர்த்தாயிற்று. நீளமும் கவனிக்க வேண்டியதே: 'வேலூர்' என்ற சொல் யுடிஎஃப்-8 பைட்டில் 18, கோட் பாயின்டில் (யூனிகோட் தரும் எண்கள்) 6, கண்ணுக்கு 3 எழுத்து. 'கொணவட்டம்' என்பதில் 'கொ' இரண்டு விதமாக என்கோட் ஆகி வரலாம் என்பதால், என்எஃப்சி (ஒரே வடிவமாக்கும் யூனிகோட் முறை) ஆக்கிய பிறகே சோதிக்கிறோம்.

இப்போது சிக்கல் ஜீரோ வித் ஜாயினரில். அதை அனுமதித்தால், பார்க்க ஒன்றாகவும் டேட்டாபேஸில் வேறாகவும் இரண்டு பெயர்கள் நுழையும். தடுத்தால் வங்காளத்தில் ர-வோடு ய-பலா (ய-வின் துணை வடிவம்) சேர்வது கெடும். விராமத்துக்குப் (நம் புள்ளி போன்ற குறி) பின்னால் மட்டும் அனுமதி என்ற விதியும் உதவாது. இந்த ர-ய சேர்க்கையில் ஜாயினர் விராமத்துக்கு முன்னால் வருகிறது. எழுத்து வாரியாகத் தனி விதி எழுதியவர்கள் இருக்கிறீர்களா? அல்லது பெயரை அப்படியே சேமித்து, ஜாயினர் நீக்கிய நகலைத் தேடலுக்கு வைப்பது போதுமா? எழுத்தோட்டத்தின் திசையைப் புரட்டும் ஓவர்ரைடு எழுத்துகளை முழுதாகத் தடுத்துவிட்டோம்.

பெயரோடு யாராவது நிரல் புகுத்தாமல் இருக்க, ஸ்கிரிப்ட் டேக்கை வெட்டச் சொல்ல வேண்டாம். ஒரு டேக்குக்குள் இன்னொன்றைச் செருகி அனுப்பினால், உள்ளே இருப்பதை வெட்டியதும் வெளியே இருப்பது ஒட்டி முழு டேக் ஆகிவிடும். க்வெரிக்கு பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (தரவைக் கட்டளையிலிருந்து பிரித்து அனுப்புவது), காட்டும் இடத்தில் எஸ்கேப்பிங் (குறிகளை வெறும் எழுத்தாக மாற்றுவது) இரண்டும் ஏற்கெனவே உண்டு.