பழைய சவரக் கல்லைச் சமமாக்கலாமா, அப்படியே விடலாமா?

லீஜ்_வாசி:
பிரஸ்ஸல்ஸின் ஜூ டி பால் சதுக்கத்துப் பழம்பொருள் சந்தையில் ஒரு தீட்டுக்கல் வாங்கினேன். பெல்ஜியத்தின் ஆர்டென்ஸ் மலைப்பகுதியில், வியெல்சால்ம் பக்கம் வெட்டியெடுக்கப்படும் மஞ்சள் கோட்டிக்யூல் என்ற இயற்கைக் கல். அடியில் நீலக் கல் இயற்கையாகவே ஒட்டியிருக்கிறது. நீளம் 150 மி.மீ., அகலம் 40 மி.மீ. பக்கவாட்டில் பார்த்தால் மஞ்சள் அடுக்கு ஒரு முனையில் 6 மி.மீ., மறுமுனையில் 4 மி.மீ. எண்ணெய் ஊறிக் கறுத்துப்போய், நடுவில் நன்றாகக் குழிந்திருக்கிறது. மட்டக்கோல் வைத்துப் பார்த்ததில் நீளவாக்கில் சுமார் 1 மி.மீ. குழிவு. சவரக்கத்தி தீட்டுவதற்காகத்தான் வாங்கினேன். இதைத் தேய்த்துச் சமமாக்க வேண்டுமா?

கடைசல்காரன்_கோவை:
வேண்டும். இதில் கேள்விக்கே இடமில்லை. சமையலறைக் கத்திக்குக் கோணத்தைக் கை தீர்மானிக்கிறது. சவரக்கத்திக்குக் கல்தான் தீர்மானிக்கிறது. கத்தியின் முதுகும் வெட்டும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிகின்றன. கல் கோணலாக இருந்தால் கத்தியும் கோணலாகும்.

முதலில் எண்ணெயை எடுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். கோட்டிக்யூல் நெருக்கமான கல், எண்ணெய் ஆழமாக இறங்கியிருக்காது. கொதிநீரில் போடாதீர்கள், அடுப்பில் வைக்காதீர்கள். பிறகு பென்சிலால் மேற்பரப்பு முழுவதும் கட்டம் போட்டு, 140 அல்லது 325 எண் வைரத் தட்டில் (எண் சிறிதானால் சொரசொரப்பு அதிகம்) நீர்விட்டுத் தேயுங்கள். கட்டம் எங்கும் அழிந்ததும் நிறுத்துங்கள்.

பழங்கல்_பிரியன்:
"கேள்விக்கே இடமில்லை" என்று தொடங்கும் ஆளிடம்தான் எனக்குக் கேள்விகள் அதிகம்.

மேலே சொன்ன 1 மி.மீ. குழிவு என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? 150 மி.மீ. நீளத்தில் 1 மி.மீ. குழிவு என்றால் அந்த வளைவின் ஆரம் ஏறத்தாழ 2.8 மீட்டர். சவரக்கத்தியின் முதுகுக்கும் வாய்க்கும் இடையே 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வாய்ப்பகுதியில் கோணம் ஒரு பக்கத்துக்கு 0.2 பாகை கூடும், அவ்வளவுதான். சவரக்கத்தியின் மொத்தக் கோணமே 16, 17 பாகை. முதுகு தேயாமலிருக்க அதில் ஒரு சுற்று டேப் ஒட்டினால் ஏற்படும் மாற்றம் இதைவிடப் பெரிது.

இந்தக் கல்லின் மஞ்சள் அடுக்கு பல இடங்களில் சில மில்லிமீட்டர் தடிப்புக்கு மேல் கிடைப்பதில்லை. அதில் 1 மி.மீ. அளவைச் சேறாக்கிச் சாக்கடையில் விடச் சொல்கிறீர்கள். யாரோ ஒரு சவரத் தொழிலாளி ஆண்டுக்கணக்கில் உழைத்த தடம் அந்தக் குழிவு. அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

கடைசல்காரன்_கோவை:
கணக்கு சரி, முடிவு தவறு. இரண்டு இடங்களில்.

ஒன்று: குழிந்த கல்லைச் சமமாக்கும்போது நடுப்பகுதி தேய்வதே இல்லை. மேடாக இருக்கும் முனைகள்தான் இறங்குகின்றன. கல்லின் ஆயுளை முடிவுசெய்வது மிக மெலிந்த இடம். அதைத் தொடாமல் முனைகளை இறக்கினால் எந்த ஆயுள் குறைகிறது?

இரண்டு: நீளவாக்குக் குழிவைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். அகலவாக்கில் எவ்வளவு? லீஜ் நண்பரே, மட்டக்கோலைக் குறுக்கே வைத்துச் சொல்லுங்கள். மூலைக்கு மூலையும் வையுங்கள்.

லீஜ்_வாசி:
குறுக்கே ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு, நுழைத்துப் பார்த்தேன். நடுவில் 0.3 மி.மீ. வரை இருக்கிறது. மூலைக்கு மூலை வைத்தால் ஒரு திசையில் நடுவில் இடைவெளி அதிகம், மறுதிசையில் குறைவு.

கடைசல்காரன்_கோவை:
40 மி.மீ. அகலத்துக்கு 0.3 மி.மீ. என்றால் ஆரம் 70 சென்டிமீட்டர்கூட இல்லை. கத்தி இரண்டு ஓரங்களில் மட்டும் பாலம் போல நிற்கிறது, நடுவே கல் படவே படாது. அது போதாதென்று கல் முறுக்கியும் இருக்கிறது. இதைத்தான் தொழிலாளியின் தடம் என்று கும்பிடச் சொல்கிறார்.

சலூன்_மதுரை:
இரண்டு ஐயாக்களும் பொறுக்கவும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சவரத் தொழில். இப்போது கடையில் மாற்று பிளேடுதான், ஆனால் அப்பாவின் கத்திகளை நான் இன்னும் தீட்டுகிறேன். அப்பா கல்லைக் குழியவே விடமாட்டார். கல்லின் முழு நீளத்தையும் பயன்படுத்தி, குதியிலிருந்து நுனிவரை சாய்வாக இழுப்பார். அப்படியும் குழிவு விழுந்தால் கருங்கல் பலகையில் மணலும் நீரும் இட்டுத் தேய்த்துவிடுவார். ஆகவே குழிவைப் பெருமையான அடையாளமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. அது கவனிக்காமல் விட்ட கல்.

ஆனால் தேய்க்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நேரான வாயுள்ள ஒரு கத்தியின் தீட்டுப் பட்டையில், அதாவது வாயை ஒட்டிக் கல்லில் படும் மெல்லிய பட்டையில், மார்க்கர் மையைத் தடவி, கல்லின் குறுக்கே வைத்து, சாய்வாக இழுக்காமல் ஒரே ஒரு முறை நேராகத் தள்ளுங்கள். மை எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வாதத்தை அது தீர்க்கும்.

லீஜ்_வாசி:
செய்தேன். இரண்டு ஓரங்களில் மெல்லிய கோடாக மை போய்விட்டது. நடுவில் முழுவதும் அப்படியே இருக்கிறது.

பழங்கல்_பிரியன்:
அகலவாக்குக் குழிவை எடுக்க வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அந்த அளவு இப்போதுதான் தெரிகிறது. நீளவாக்குக் குழிவை விட்டுவிடலாம் என்பதே என் நிலை. கல்லைவிட அகலமான, ஆனால் நீளத்தில் குட்டையான வைரத் தட்டு ஒன்றை எடுத்துக் குறுக்காகத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தால் ஓர மேடுகள் மட்டும் இறங்கும். நீளவாக்கு வளைவு இருந்தபடி இருக்கும்.

"முனைதானே தேய்கிறது" என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. அவர் கல்லில் மஞ்சள் அடுக்கு சரிவாக ஓடுகிறது. 6 மி.மீ. முனைக்குக் கவலையில்லை. 4 மி.மீ. முனையில் 1 மி.மீ. போனால் மீதி மூன்று. கை கொஞ்சம் அந்தப் பக்கம் அழுத்தினால் இன்னும் குறையும். நீலக் கல் தலைகாட்டிய பிறகு வருந்திப் பயனில்லை. நீலக் கல்லும் தீட்டும், ஆனால் இரும்பைத் தேய்க்கும் கடினமான கார்னெட் மணிகள் அதில் குறைவு, வேகமும் குறைவு.

கடைசல்காரன்_கோவை:
சரிவு பற்றிச் சொன்னது நியாயமான எச்சரிக்கை. விடையும் எளிது: தேய்க்கும் தளம் கல்லின் அடித்தளத்துக்கு இணையாக இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கல்லின் நாலு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, தடித்த முனையை அதிகமாக இறக்குங்கள். கல் சற்றுச் சாய்வாக நிற்கும். அடியில் மரத்துண்டு வைத்தால் தீர்ந்தது.

குட்டைத் தட்டு யோசனை காகிதத்தில் அழகு. முறுக்கிய கல்லில் அது முறுக்கைத்தான் பின்தொடரும். பெரிய சமதளம் ஒன்றுதான் கல்லுக்குச் சமதளத்தைக் கற்றுத்தரும்.

புதியவன்_ஈரோடு:
வைரத் தட்டு விலை அதிகமாயிற்றே. இரண்டு கற்களை ஒன்றோடொன்று தேய்த்தால் இரண்டும் சமமாகிவிடாதா?

கடைசல்காரன்_கோவை:
ஆகாது தம்பி. ஒன்று குழியும், மற்றொன்று குவியும்; இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும், இரண்டுமே சமமாக இருக்காது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840இல் விளக்கிய முறையில் மூன்று தளங்களை மாற்றி மாற்றிப் பொருத்துவார்கள். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் மூன்றும் சமமாக இருந்தாக வேண்டும். ஒரு சவரக்கத்திக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். தடித்த கண்ணாடித் துண்டில் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளை, ஒட்டித் தேய்த்தால் போதும். 220இல் தொடங்கி 400, 600. தாள் அலை அலையாக எழும்பாமல் முழுவதும் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கல்லின் ஓரங்கள் உருண்டுவிடும்.

பழங்கல்_பிரியன்:
இதில் நான் உடன்படுகிறேன். ஒன்றைச் சேர்க்கிறேன்: சிலிக்கன் கார்பைடு என்ற கடினமான உராய்வுப் பொடியைக் கண்ணாடியில் தூவித் தேய்க்கும் முறையைக் கோட்டிக்யூலில் செய்யாதீர்கள். மணிகள் கல்லில் பதிந்துகொண்டு பிறகு கத்தியின் வாயைக் கீறும். அந்த முறை அமெரிக்காவின் அர்கன்சாஸ் தீட்டுக்கல்லுக்கு உரியது. அது ஏறத்தாழ முழுவதும் சிலிக்கா, வைரத் தட்டையே மொட்டையாக்கிவிடும்.

எதுவானாலும் ஈரத்தில் மட்டும் தேயுங்கள். இந்தக் கற்களில் குவார்ட்ஸ் இருக்கிறது. உலர்ந்த தூசு நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய்.

சலூன்_மதுரை:
கல்லின் மேல் ஓரங்களை நாலு பக்கமும் 45 பாகையில் மழுக்க மறக்காதீர்கள். புதிதாகச் சமமாக்கிய கல்லின் ஓரம் கூர்மையாக நிற்கும். சாய்வாக இழுக்கும்போது கத்தி அதில் இடித்தால் வாயில் பல் விழும். சமமில்லாத கல்லைவிட இதனால் கெட்ட கத்திகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

லீஜ்_வாசி:
நன்றி. பக்கங்களில் கோடு போட்டுவிட்டேன், மெலிந்த முனையில் 3.2 மி.மீ. மஞ்சள் மிஞ்சும்படி. தடித்த முனையை அதிகம் இறக்கப் போகிறேன். 600க்குப் பிறகு என்ன செய்வது? இன்னும் மெல்லிய தாளில் மெருகேற்ற வேண்டுமா?

பழங்கல்_பிரியன்:
நீளவாக்குக் குழிவையும் எடுக்கத்தான் போகிறீர்கள் என்று தெரிகிறது. உங்கள் கல், உங்கள் விருப்பம். தேவையில்லை என்பதில் நான் மாறவில்லை. தொடங்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அடியிலோ பக்கத்திலோ பழைய தாள் முத்திரையின் (லேபிள்) மிச்சம் இருந்தால் மண்ணெண்ணெய் அதன்மேல் படக் கூடாது.

கடைசல்காரன்_கோவை:
600க்கு மேல் தாள் வேண்டாம். சிறிய கோட்டிக்யூல் துண்டு ஒன்றால் நீர்விட்டுத் தேய்த்துப் பால் போன்ற சேறு கிளப்புங்கள். தாள் விட்ட கீறல்களை அதுவே எடுத்துவிடும். முதல் சேற்றைக் கழுவிக் கொட்டிவிட்டு, இரண்டாவது சேற்றில் கத்தியை வையுங்கள். பிறகு சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்துச் சேற்றை நீர்க்கச் செய்துகொண்டே போய், வெறும் நீரில் முடியுங்கள். சலூன் நண்பரின் மைச் சோதனையை முதல் கத்தியில் மறுபடியும் செய்து பாருங்கள். நடுவில் மை நின்றால் 220க்குத் திரும்புங்கள்.