கிளினிக் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்க என்ன டெஸ்ட் வைக்கிறீங்க?

டர்பன்மீனா:
வணக்கம், தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த்துல வீட்டுக்காரர் ஜிபி (பொது மருத்துவர்) பிராக்டிஸ் வெச்சிருக்கார், டெஸ்க், பில்லிங் எல்லாம் நான்தான். போன தடவை எடுத்த பொண்ணு இன்டர்வியூல நல்லா பேசுச்சு, சிவியும் பிரமாதம், ஆனா வேலைக்கு வந்தப்புறம் டிபெண்டன்ட் கோடை (குடும்பத்துல யாருன்னு காட்டற நம்பர்) மாத்தி மாத்தி போட்டு, அம்மாவுக்கு பார்த்த கிளெய்மை புள்ள பேர்ல மெடிக்கல் எய்டுக்கு (மருத்துவக் காப்பீட்டுக்கு) அனுப்பி எல்லாம் ரிஜெக்ட் ஆகி வந்துச்சு. நான் கவனிக்கறதுக்குள்ள சிலதுக்கு கிளெய்ம் அனுப்பற நாலு மாச கெடுவே தாண்டிடுச்சு, அந்தக் காசு போனது போனதுதான். இந்த தடவை டெஸ்ட் வெச்சு எடுக்கலாம்னு இருக்கேன், என்ன கேக்கலாம்?

பீனிக்ஸ்காரன்:
அக்கா, அஞ்சு பேஷன்ட் கார்டு நீங்களே கற்பனையா எழுதி, சிஸ்டம்ல ஏத்தச் சொல்லுங்க. ரெண்டுல வேணும்னே தப்பு வைங்க. ஐடி நம்பர் 13 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி இல்லையா, 840307னு ஆரம்பிக்கற ஐடிக்கு பக்கத்துல 3 ஜூலை 1984னு எழுதிடுங்க. இன்னொண்ணுல பிரஷருக்கு போடற I10ங்கற நோய்க் கோடை, I எழுத்துக்கு பதிலா ஒண்ணு வெச்சு 110னு போடுங்க. நிறுத்தி உங்ககிட்ட கேக்கறாங்களா, அப்படியே அடிச்சுட்டு போறாங்களான்னு பாருங்க, எனக்கு அதுதான் முக்கியம். கோடு மனப்பாடமா தெரியலைன்னா பரவால்ல, தேடி எடுத்துக்கலாம், கண்ணுல படணுமே அது சொல்லிக்குடுத்து வராது.

டெஸ்க்ல12வருஷம்:
டைப்பிங் மட்டும் பாத்து எடுக்காதீங்க மா. கார்டு ஏத்திட்டு இருக்கும்போதே பக்கத்து ரூம்லேர்ந்து யாராவது போன் பண்ணி, காலைலேர்ந்து நெஞ்சை அழுத்துது, இடது கை வலிக்குது, வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் இருக்கான்னு கேக்கட்டும். புக் பண்ணி வெச்சுட்டா அந்த ஆளை எடுக்காதீங்க, எழுந்து டாக்டர்கிட்ட ஓடணும். நம்ம பக்கம் ஜூலு பேசற பேஷன்ட் நிறைய, அதுல நாலு வார்த்தை பேசறாங்களான்னும் பாருங்க.

மாரிட்ஸ்பர்க்வாசி:
நிஜ பேஷன்ட் ஃபைலை தயவுசெஞ்சு டெஸ்டுக்கு குடுக்காதீங்க, போபியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டம் 2021 ஜூலைலேர்ந்து முழுசா அமல்ல இருக்கு. நெட்ல கிடைக்கற ஐக்யூ, பர்சனாலிட்டி டெஸ்டும் வேண்டாம், அறிவியல்படி நிரூபிக்காத சைக்காலஜி டெஸ்டை எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி ஆக்ட் (வேலையில சமத்துவச் சட்டம்) தடுக்குது. எல்லாருக்கும் ஒரே டெஸ்ட், அரை மணி போதும். நாள் பூரா உக்கார வெச்சு வேலை வாங்கிப் பாக்கறதா இருந்தா அன்னிக்கு சம்பளம் குடுத்துடுங்க, டாக்சிக்கு காசு போட்டு வர்ற புள்ளைங்க.

டர்பன்மீனா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், நெஞ்சு வலி விஷயம் எனக்கு தோணவே இல்ல. புதன்கிழமை ரெண்டு பேர் வர்றாங்க, கார்டு இன்னிக்கு ராத்திரியே எழுதிடறேன். போன் பண்ண தங்கச்சிய கூப்பிடணும், என் குரல் தெரிஞ்சிடும்.